அத்தியாயம் 6: பாரிஷிலிருந்து சினாட் வரை

இங்கிலாந்தில் குடியேறி, வீட்டுக்குப் பக்கத்துச் சர்ச்சுக்கு ஞாயிறுதோறும் போய்வரும் தமிழர்கள் பலர், எத்தனை வருடம் ஆனாலும் அங்கே விருந்தாளிகளாகவே இருந்துவிடுகிறார்கள். பாடுகிறார்கள், காணிக்கை போடுகிறார்கள், ஆராதனை முடிந்ததும் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார்கள். புது விகாரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், காணிக்கைப் பணம் எங்கே போகிறது, சுவரில் ஒரு நினைவுப் பலகை பதிக்க யாரைக் கேட்க வேண்டும் என்றால் தெரிவதில்லை. தெரியாததால் முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இருப்பதும் இல்லை. அந்த இடத்துக்குப் போகும் வழியை வரிசையாகச் சொல்வதுதான் இந்த அத்தியாயம்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்து திருச்சபைக்கு மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆங்கிலிக்கன் திருச்சபைகள் தனித்தனி. அவற்றின் விதிகளும் வேறு.

யாருக்கு மேலே யார்

பாரிஷ் என்பது எல்லை வரையப்பட்ட ஒரு நிலப்பரப்பு. இங்கிலாந்தின் ஒவ்வொரு தெருவும் ஏதாவது ஒரு பாரிஷுக்குள் வரும். அந்த எல்லைக்குள் வாழும் அத்தனை பேருக்கும், சர்ச்சுக்கு வந்தாலும் வராவிட்டாலும், விகார் பொறுப்பு. பக்கத்துப் பாரிஷ்கள் சேர்ந்தது டீனரி. அதற்கு ஏரியா டீன் அல்லது ரூரல் டீன் என்று ஒரு குருவானவர் இருப்பார். சில டீனரிகளைச் சேர்த்து ஓர் ஆர்ச்டீக்கன் கவனிக்கிறார். இவை எல்லாம் அடங்கியது பேராயரின் பேராயம். மொத்தம் 42 பேராயங்கள். 30 கேன்டர்பரி மாகாணத்திலும் 12 யார்க் மாகாணத்திலும் உள்ளன. இரண்டு மாகாணங்களுக்கும் பொதுவாக ஜெனரல் சினாட்.

ஊரில் சேகரக் கமிட்டி, திருமண்டலப் பெருமன்றம், சினாட் என்று பழகியவர்களுக்கு இந்த வரிசை புதிதாகத் தோன்றாது. ஒன்று மட்டும் வேறு. இங்கே பாரிஷை நடத்தும் விதிகள் நாட்டின் சட்டமாகவே இருக்கின்றன. ஜெனரல் சினாட் நிறைவேற்றும் 'மெஷர்' பாராளுமன்றத்தின் ஒப்புதலும் அரச ஒப்புதலும் பெற்றுச் சட்டமாகிறது. எனவே "எங்கள் சர்ச்சில் அப்படியெல்லாம் பார்க்க மாட்டோம்" என்று யாராவது சொன்னால், அதை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

முதல் வேலை: எலக்டோரல் ரோலில் பெயர்

இந்த வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாமல், பாரிஷை நிர்வகிக்கும் குழுவான பிசிசியின் தேர்தலில் வாக்களிக்க முடியாது, எதற்கும் போட்டியிடவும் முடியாது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருப்பதோ, மாதக் காணிக்கை வங்கி வழியே போவதோ இதற்கு ஈடாகாது.

1. 'எ சர்ச் நியர் யூ' இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டை இட்டு, வீடு எந்தப் பாரிஷில் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் போகும் சர்ச் வேறு பாரிஷாக இருக்கலாம், அதில் தவறில்லை.
2. தகுதியைச் சரிபாருங்கள். ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். பாரிஷுக்குள் குடியிருந்தால் உடனே விண்ணப்பிக்கலாம். வெளியே குடியிருந்தால் ஆறு மாதமாவது அங்கே வழக்கமாக ஆராதனைக்கு வந்திருக்க வேண்டும்.
3. எலக்டோரல் ரோல் அலுவலர் யாரென்று, சர்ச்வார்டன் எனப்படும் சபையார் பொறுப்பாளரிடம் கேட்டு, ஒரு பக்கப் படிவத்தை வாங்குங்கள். அதில் இங்கிலாந்து திருச்சபை அல்லது 'அதனுடன் ஐக்கியத்தில் உள்ள திருச்சபை' என்று ஒரு வரி வரும். தென்னிந்தியத் திருச்சபையும் இலங்கைத் திருச்சபையும் அந்த ஐக்கியத்தில் இருப்பவை. அந்த வரியில் துணிந்து குறியிடுங்கள்.
4. படிவத்தைக் கையில் கொடுத்து, பெயர் ஏறிவிட்டதா என்று இரண்டு வாரம் கழித்துக் கேளுங்கள்.

பெந்தெகொஸ்தே போன்ற வேறு சபைகளிலிருந்து வந்தவர்களுக்கும் வழி உண்டு. உங்கள் சபை திரித்துவ விசுவாசம் உடையதாக இருந்து, ஆறு மாதம் இங்கே வந்திருந்து, இங்கிலாந்து திருச்சபையின் அங்கத்தினராகவும் உங்களை அறிவித்துக்கொண்டால் போதும். பழைய சபையை விட வேண்டியதில்லை.

அடிக்கடி நடக்கும் தவறு: ஆண்டுக் கூட்டத்தன்று காலையில் படிவம் கொடுப்பது. ரோல் திருத்தம் கூட்டத்துக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே முடிந்துவிடும். அதன்பின் கூட்டம் கலையும்வரை ஒரு பெயரும் ஏறாது. திருத்தம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே வாசல் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். ஜனவரியில் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்த தவறு: ஒருமுறை சேர்ந்தால் போதும் என்று இருந்துவிடுவது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை பட்டியல் முற்றிலும் புதிதாக எழுதப்படும். எல்லாரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். 2019இலும் 2025இலும் அப்படி எழுதினார்கள்.

ஆண்டுக் கூட்டம்: ஒரே நாளில் இரண்டு

மே 31க்குள் நடக்க வேண்டிய இந்த நாளில், வழக்கமாக அடுத்தடுத்து இரண்டு கூட்டங்கள் நடக்கும். முதலாவது, சர்ச்வார்டன்கள் இருவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். இதில் ரோலில் இருப்பவர்களோடு, பாரிஷ் எல்லைக்குள் வசித்து நகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் வாக்களிக்கலாம். எந்த மதத்தவர் என்று யாரும் கேட்க முடியாது. பாரிஷ் என்பது ஊருக்கே உரியது என்பதன் மிச்சம் இது.

இரண்டாவது கூட்டம் ரோலில் உள்ளவர்களுக்கு மட்டும். இங்கேதான் பிசிசி தேர்ந்தெடுக்கப்படுகிறது. பிசிசிக்கு நிற்க, ரோலில் ஆறு மாதம் பெயர் இருந்திருக்க வேண்டும். முந்தைய 12 மாதத்தில் மூன்று முறையாவது நற்கருணை பெற்றிருக்கவும் வேண்டும். ஊருக்குப் போயிருந்தபோது சிஎஸ்ஐ ஆலயத்தில் பெற்றதும் இந்தக் கணக்கில் சேரும்.

பிசிசி உறுப்பினர் என்றால் அறநிறுவனத்தின் டிரஸ்டி. கணக்குக்கும் கட்டடத்துக்கும் சட்டப்படி பொறுப்பேற்கிறீர்கள். கையொப்பமிடும் முன் கடந்த ஆண்டின் கணக்கறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

யாரும் கேட்காத இடம்: டீனரி சினாட்

அதே கூட்டத்தில், களைத்துப்போன நேரத்தில், "டீனரி சினாட்டுக்கு யாராவது?" என்று விகார் கேட்பார். எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். அப்போது கையை உயர்த்துங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு ஆலோசனையை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

காரணம் எளிது. பேராய சினாட்டின் சபையார் பிரதிநிதிகளையும், ஜெனரல் சினாட்டின் சபையார் அவையில் பேராயங்களின் சார்பில் அமர்பவர்களையும் தேர்ந்தெடுக்கும் வாக்கு, பாரிஷில் உள்ள எல்லாருக்கும் கிடையாது. அது டீனரி சினாட்டின் சபையார் உறுப்பினர்கள் கையில் இருக்கிறது. ரோலில் நூறு பேர் இருக்கும் சர்ச்சில், அந்த வாக்கு இரண்டு மூன்று பேரிடம்தான் இருக்கும்.

அதன் எடை 2012 நவம்பரில் தெரிந்தது. பெண்கள் பேராயராகலாம் என்ற சட்டத்தை, அப்போதிருந்த 44 பேராயங்களில் 42இன் சினாட்கள் ஆதரித்திருந்தன. ஜெனரல் சினாட்டில் மூன்று அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு தேவை. பேராயர்கள் அவையிலும் குருமார் அவையிலும் எளிதாகத் தேறியது. சபையார் அவையில் ஆதரவு 132, எதிர்ப்பு 74. ஆறு வாக்குக் குறைவால் தோற்றது. "நாங்கள் எல்லாரும் வேண்டும் என்றுதானே சொன்னோம்?" என்று பாரிஷ்களில் பலர் திகைத்தார்கள். அந்த அவையில் அமர்ந்திருந்தவர்களை அனுப்பியது டீனரி சினாட் வாக்குகள். பிறகு 2014 ஜூலையில் வேறு வடிவில் அந்தச் சட்டம் நிறைவேறியது. 2025 அக்டோபரில் சாரா முல்லாலி அடுத்த கேன்டர்பரி தலைமைப் பேராயராக அறிவிக்கப்பட்டார். அப்பதவிக்குப் பெயர் குறிக்கப்பட்ட முதல் பெண் அவர். நீங்கள் அந்தக் கேள்வியில் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, வாக்கு எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது:

1. டீனரி சினாட் தேர்தல் மூன்றாண்டுக்கு ஒருமுறை (2023, 2026, 2029). பதவிக்காலம் ஜூலை 1இல் தொடங்கும். இடையில் இடம் காலியானால் நிரப்புவார்கள், கேட்டுப் பாருங்கள்.
2. தேர்வானால் பிசிசியிலும் தானாகவே உறுப்பினர் ஆகிவிடுவீர்கள். அந்தப் பொறுப்பையும் மனதில் வைத்துச் சம்மதியுங்கள்.
3. ஜெனரல் சினாட் தேர்தல் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை. 2020இல் நடக்க வேண்டியது கோவிட்டால் 2021க்குத் தள்ளிப்போனது, அதையடுத்தது 2026. வேட்பாளர்களின் அறிக்கைகள் உங்களுக்கு வரும். விருப்ப வரிசைப்படி எண்ணிட்டு வாக்களிக்க வேண்டும்.
4. ஒவ்வொரு டீனரி கூட்டத்துக்குப் பிறகும் பிசிசியில் ஐந்து நிமிடம் அறிக்கை சொல்லுங்கள். இதைச் செய்யாததால்தான் பல பாரிஷ்களுக்கு மேலே என்ன நடக்கிறது என்றே தெரிவதில்லை.

உங்கள் பாரிஷுக்கு ஒரு கோரிக்கை இருந்தால், ஏறும் வழியும் இதுவே. பிசிசி தீர்மானம் போட்டு டீனரி சினாட்டுக்கு அனுப்பும். அங்கே ஏற்கப்பட்டால் பேராய சினாட். அதுவும் ஏற்றால் ஜெனரல் சினாட்டின் நிகழ்ச்சி நிரல். பேராயருக்கு நேரே நீண்ட கடிதம் எழுதுவதைவிட, மூன்று வரித் தீர்மானம் தூரம் போகும்.

சுவரில் ஆணி அடிக்கும் முன்

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். அம்மாவின் நினைவாக ஒரு பித்தளைப் பலகை பதிக்க ஆசை. விகார் "அழகான எண்ணம்" என்கிறார். மறுவாரமே பலகை செய்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். ஆனால் விகாருக்கோ பிசிசிக்கோ அதை அனுமதிக்கும் அதிகாரம் இல்லை. ஆலயத்தின் அமைப்பிலோ உள்ளிருக்கும் பொருள்களிலோ மாற்றம் செய்ய 'ஃபேகல்ட்டி' என்ற அனுமதி வேண்டும். அதைத் தருபவர் பேராயத்தின் சான்சலர். அவர் ஒரு நீதிபதி. இங்கிலாந்தின் முதல்தரப் பாதுகாப்புக் கட்டடங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு பாரிஷ் ஆலயங்கள் என்பதை நினைத்தால் இந்தக் கண்டிப்பு புரியும்.

1. முதலில் சர்ச்வார்டனிடம் கேளுங்கள்: இது 'ஏ' பட்டியலா, 'பி' பட்டியலா, முழு ஃபேகல்ட்டியா? 'ஏ' பட்டியலில் உள்ள சிறு பராமரிப்புக்கு அனுமதி தேவையில்லை. 'பி'க்கு ஆர்ச்டீக்கனின் எழுத்துமூல அனுமதி போதும். நினைவுப் பலகைக்கு ஃபேகல்ட்டி வேண்டும்.
2. பிசிசி தீர்மானம் பெறுங்கள்.
3. பேராயத்தின் ஆலோசனைக் குழுவிடம் வரைபடம், அளவு, வாசகம் எல்லாம் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். இவர்கள் மறுத்தால் மனம் உடைய வேண்டாம். வாசகத்தையோ இடத்தையோ மாற்றினால் பெரும்பாலும் வழி கிடைக்கும்.
4. இணையம் வழியே விண்ணப்பம். வாசலில் 28 நாள் பொது அறிவிப்பு தொங்கும். யாரும் ஆட்சேபிக்கலாம்.
5. அனுமதிக் கடிதம் கையில் வந்தபின் மட்டும் பலகைக்கு ஆர்டர் கொடுங்கள்.

அனுமதியின்றிச் செய்தால், செய்தவர் செலவிலேயே அகற்றும்படி சான்சலர் உத்தரவிட முடியும். வெளிப்புற மாற்றம் என்றால் நகராட்சியின் திட்ட அனுமதியும் தனியே தேவைப்படலாம்.

கல்லறைத் தோட்டத்தில்: ஆலய வளாகக் கல்லறைக்கும் நகராட்சிக் கல்லறைக்கும் விதி வேறு. நம்மவர்கள் விரும்பும் பளபளப்பான கறுப்பு கிரானைட், முகப்படம் பதித்த கல், இதய வடிவக் கல் ஆகியவற்றுக்குப் பல பேராயங்களின் விதிகளில் இடமில்லை. விதிக்குள் அடங்கும் கல்லுக்கு விகாரே அனுமதி தரலாம், அடங்காததற்கு ஃபேகல்ட்டி. மண் இறுக வேண்டும் என்பதற்காக அடக்கத்துக்குப் பின் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் விதிகளின் பிரதியை வாங்கிப் படியுங்கள். துக்கத்தின் முதல் வாரத்தில் கல் கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.

தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: 2020இல் கவென்ட்ரி பேராயத்தில் ஒரு குடும்பம், ஐரிஷ் மொழியில் மட்டும் ஒரு வரியைக் கல்லில் பொறிக்கக் கேட்டது. மொழிபெயர்ப்பு இல்லாமல் கூடாது என்று சான்சலர் மறுத்தார். குடும்பம் மேல்முறையீடு செய்தது. 2021இல் கேன்டர்பரி மாகாணத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. ஆகவே தமிழ் வரிக்கும் வாதாட இடமுண்டு. விண்ணப்பத்தோடு வரியின் பொருளை ஆங்கிலத்தில் இணைத்துவிடுங்கள். சந்தேகம் பாதி குறையும்.

பணம் எங்கே போகிறது

மின்கட்டணம், காப்பீடு, கூரைப் பழுது எல்லாம் பாரிஷின் செலவு. அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டும் பேராயத்துக்கு ஒரு தொகை போகும். பாரிஷ் ஷேர், காமன் ஃபண்ட் என்று பேராயத்துக்குப் பேராயம் அதற்கு ஒரு பெயர் இருக்கும். பெரும்பாலும் குருமாரின் ஊதியம், வீடு, பயிற்சி ஆகியவற்றுக்கு அது செலவாகிறது. சட்டப்படி வசூலிக்கக்கூடிய வரி அல்ல அது. ஆனால் வசதியுள்ள பாரிஷ் நிறுத்தினால், வசதியில்லாத பக்கத்துப் பாரிஷ் குருவானவரை இழக்கும். பெரிய திருச்சபையோடு நமக்குள்ள உறவு மிகக் கண்கூடாகத் தெரிவது இந்த ஒரு செலவில்தான் என்று நான் நம்புகிறேன்.

குறிப்பு: நீங்கள் இங்கே வருமான வரி கட்டுபவரானால் 'கிஃப்ட் எய்ட்' படிவத்தை நிரப்புங்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் சர்ச்சுக்குக் கூடுதலாக வரும். ஆண்டில் கட்டிய வரி, அப்படித் திரும்பக் கோரும் தொகையைவிடக் குறைவாக இருந்தால் வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட நேரும். வேலையை விட்டதும் சர்ச்சுக்குத் தெரியப்படுத்துங்கள்.

பாதுகாப்பு: இதில் தளர்வே கூடாது

ஞாயிறு பள்ளி, இளைஞர் குழு, முதியோர் சந்திப்பு என எதில் உதவப்போனாலும் பயிற்சி உண்டு. பொறுப்பைப் பொறுத்து டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு. "என்னையே சந்தேகப்படுகிறார்களா?" என்று வருந்தாதீர்கள். எல்லாருக்கும் அதே நடைமுறைதான்.

ஒரு குழந்தையோ பெரியவரோ உங்களிடம் வந்து தனக்கு நேர்ந்ததைச் சொன்னால்:

1. உடனடி ஆபத்து என்றால் 999.
2. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லுங்கள்.
3. துருவித் துருவிக் கேட்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய் விசாரிக்காதீர்கள்.
4. கேட்டதை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே, அன்றே எழுதித் தேதியிடுங்கள். தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுதுங்கள்.
5. 24 மணி நேரத்துக்குள் பாரிஷின் சேஃப்கார்டிங் அலுவலரிடம் சொல்லுங்கள். அவர் இல்லையென்றால், அல்லது புகாரே பாரிஷில் பொறுப்பில் உள்ளவர் மேல் என்றால், பேராயத்தின் சேஃப்கார்டிங் பிரிவுக்கு நேரே போங்கள். எண் வாசல் பலகையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே கேட்டு ஒட்டவையுங்கள்.

"விகாரிடம் சொல்லிவிட்டோமே" என்று நிறுத்திக்கொள்வதும், குடும்ப மானம் என்று மூடுவதும் மிகப் பெரிய தவறுகள். ஜான் ஸ்மித் என்பவர் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் செய்த கொடுமைகள் பற்றிய மேக்கின் அறிக்கை 2024 நவம்பரில் வெளிவந்த சில நாட்களில், கேன்டர்பரி தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். தகவல் வந்தபின் அது போக வேண்டிய இடத்துக்குப் போனதா என்று பார்க்கும் கடமை மேலிருந்து கீழ்வரை எல்லாருக்கும் உண்டு.

பாரிஷ் ஹாலை வாடகைக்கு எடுத்துத் தமிழ்க் கூடுகை நடத்துபவர்கள், வாடகை ஒப்பந்தத்தில் பாதுகாப்பு விதிகள் பற்றிய பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

விகார் போனபின்

விகார் மாறிப் போனால் புதியவர் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சர்ச்வார்டன்களும் ஏரியா டீனும் பாரிஷை நடத்துவார்கள். புதியவரை முன்மொழியும் உரிமை 'பேட்ரன்' என்பவருக்கு. அது பேராயராக இருக்கலாம், அரசராக இருக்கலாம், ஓர் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரியாகவும் இருக்கலாம். உங்கள் பேட்ரன் யார் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

முறையான அறிவிப்பு வந்த நான்கு வாரத்துக்குள் பிசிசி கூடி, பாரிஷ் பற்றிய அறிக்கை தயாரித்து, சபையார் பிரதிநிதிகள் இருவரை நியமிக்க வேண்டும். அந்த இருவருக்கும் வேட்பாளரை ஏற்க மறுக்கும் உரிமை உண்டு. அறிக்கை எழுதும்போது, ஞாயிறு காலை வரிசையில் அமர்வோரில் எத்தனை பேர் தமிழர், மலையாளி, நைஜீரியர் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதப்படாத சபை, வரப்போகும் குருவானவர் கண்ணில் படாது. பேராயர் நியமனத்தை நிறுத்திவைத்திருந்தால் வருபவர் 'பிரீஸ்ட்-இன்-சார்ஜ்'. அப்போது அந்த மறுப்புரிமை சட்டப்படி கிடையாது, கலந்தாலோசிக்கும்படி வலியுறுத்துங்கள்.

இங்கிலாந்துக்கு வெளியே

ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் 42 உறுப்புத் திருச்சபைகள் உள்ளன. கேன்டர்பரி தலைமைப் பேராயர் அவற்றுக்குள் மதிப்பில் முதலானவர். மற்ற மாகாணங்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. 1867இல் தொடங்கிய லாம்பெத் மாநாடும் அப்படியே. அதன் தீர்மானங்கள் உங்கள் பாரிஷைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து உருவானது. அது இந்த ஐக்கியத்தில் உறுப்பினர். கொழும்பு, குருநாகல் என இரண்டு பேராயங்கள் கொண்ட இலங்கைத் திருச்சபையோ எந்த மாகாணத்திலும் சேராமல், கேன்டர்பரி தலைமைப் பேராயரின் மேற்பார்வையில் இருப்பது. யாழ்ப்பாணத்திலிருந்தோ பாளையங்கோட்டையிலிருந்தோ வருபவர் ஊர்க் குருவானவரிடம் இந்த மூன்றையும் கேட்டு வாங்கி வரட்டும்: ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, நற்கருணை பெறும் அங்கத்தினர் என்று ஒரு கடிதம். முதல் ஞாயிறே நற்கருணை பெறக் கடிதம் தேவையில்லை. பிள்ளைக்கு சர்ச் பள்ளியில் இடம் கேட்கும்போதும், திருமணம் பேசும்போதும் இவை கைகொடுக்கும்.

திருமணம் பற்றி ஓர் எச்சரிக்கை: மூன்று ஞாயிறு அறிக்கை வாசித்து மணம் முடிக்கும் வழி, விசாவில் இருப்பவர்களுக்குச் செல்லாது. மணமக்களில் ஒருவர் விசாவில் இருந்தாலும், இருவரும் முதலில் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். காத்திருப்பு 28 நாள். அரசு அதை 70 நாளாக நீட்டலாம். மண்டபத்துக்கும் விமானச் சீட்டுக்கும் பணம் கட்டும் முன் விகாரிடம் போய்த் தேதி பேசுங்கள்.